ஒன்பதாம் சுற்றுக் கேட்சரின் விலை

ஜூன் 17, திங்கள்

முழங்கால் இன்று பரவாயில்லை. லூயிவில் முழுக்க ஆற்றின் புழுக்கம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன்.

அணியின் எண்களையும் கணக்கையும் பார்க்கிற என்னைப் புது முதலாளியம்மா வெர்னா ஸ்டால்வர்த் கூப்பிட்டனுப்பினார். குளிர்பதனக் கிடங்குகளில் சம்பாதித்து, போன குளிர்காலத்தில் எங்கள் பேஸ்பால் அணியை வாங்கியவர். ஆட்டம் அவருக்குப் பாதிதான் தெரியும். மீதி தெரியாது என்பதை மறைப்பதில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

"நோரீன், எனக்குக் கிடங்குதான் தெரியும். உள்ள என்ன போச்சு, வெளிய என்ன வந்துச்சு, நடுவுல எவ்வளவு அழுகுச்சு. பத்து வருஷத்து டிராஃப்டுக்கும் இந்த மூணையும் சொல்லு."

அக்டோபருக்குள் அறிக்கை வேண்டுமாம். வெளியே வந்தால் பர்ல் காசில்மன் கதவருகிலேயே நிற்கிறான். எங்கள் தேர்வாளர்களுக்குத் தலைவன். நாடெங்கும் பையன்களைப் பார்த்து வரச்சொல்லி ஆள் அனுப்புகிறவன்.

"அழுகினதுக்கெல்லாம் பர்ல்தான் பொறுப்புன்னு எழுதிடாதே தாயே. புண்ணியமாப் போகும்."

"பாதிதான் எழுதுவேன்."

"பாதின்னாலே பென்ஷன் போச்சு."

ஜூன் 20, வியாழன்

ஸ்டால்வர்த் அம்மையாருக்காக விதியை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுதிப் பார்த்ததும் எனக்கே புதிதாக இருந்தது.

ஜூலையில் எல்லா அணிகளும் முறைவைத்துப் பள்ளி, கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும். அதுதான் டிராஃப்ட். முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் லீக் ஒரு தொகை குறித்திருக்கிறது. அவற்றைக் கூட்டினால் வருவது எங்கள் பை. அந்தப் பைக்குள் யாருக்கு எவ்வளவு போனஸ் என்பது எங்கள் இஷ்டம். பையைத் தாண்டினால் அபராதம். அதிகம் தாண்டினால் அடுத்த வருட முதல் தேர்வே பறிபோகும். எடுத்த பையன் கையெழுத்துப் போடாவிட்டால் அவன் இடத்துத் தொகை பையிலிருந்து கழிந்துவிடும்.

ஆகவே எல்லாரும் செய்வது ஒன்றே. கல்லூரியில் கடைசி வருடமும் ஆடி முடித்தவர்களைக் கீழ்ச் சுற்றுகளில் எடுப்பது. அவர்களுக்குத் திரும்பிப் போய் ஆட இடம் கிடையாது. இரண்டு லட்சம் டாலர் குறித்த இடத்தில் பத்தாயிரத்துக்கு ஒப்புக்கொள்வார்கள். மிச்சமாவது பள்ளிக்கூடத்து நட்சத்திரம் ஒருவனுக்குப் போகும்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உருளைக்கிழங்குல மிச்சம் பிடிச்சு ஸ்ட்ராபெரிக்குப் போடுறீங்க."

"ஆமாம் மேடம்."

"சட்டப்படியா?"

"சட்டப்படி."

"கெட்டிக்காரத்தனம்தான்" என்றார். பாராட்டியதுபோல் இல்லை.

ஜூலை 4

ஆட்டத்துக்குப் பிறகு வாணவேடிக்கை. பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லையாம். எனக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

டிராஃப்ட் தொடங்கியது. முதல் சுற்றில் கேடன் ரஸ்க். ஓக்லஹோமாப் பையன், பதினெட்டு வயது, பந்து வீசுகிறவன். அந்த இடத்துக்குக் குறித்த தொகை மூன்று மில்லியன். வாய்ப்பேச்சில் அவன் ஏஜென்டுக்கு நாங்கள் ஒத்துக்கொண்டது மூன்றே முக்கால்.

எங்கள் பொது மேலாளர் ஃபிலிப் அபர்னாதி மேசையைத் தட்டி, "இனி சேமிப்பு நேரம், நண்பர்களே" என்றார். அவர் என்னைவிடப் பதினான்கு வயது இளையவர். நன்றாகத் தூங்குகிற முகம்.

ஜூலை 16, செவ்வாய்

ஆறாம் சுற்றிலிருந்து பத்தாம் சுற்று வரை ஐந்து பேருமே கல்லூரி முடித்தவர்கள். அவர்களுடன் பேசுவது என் வேலை. நால்வர் உடனே சரி என்றார்கள். ஏழாம் சுற்றில் டோபின் யோடர், கேட்சர், அதாவது வீசுகிற பந்தைக் குந்தியிருந்து பிடிப்பவன், இந்தியானாக்காரன். தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் நன்றி சொன்னான், பிறகு இன்னொருமுறை சொன்னான், போனை வைக்கும்போதும் சொன்னான். பத்தாயிரம் டாலர். வரி போக ஒரு பழைய கார் வாங்கலாம்.

ஐந்தாமவன் ஒன்பதாம் சுற்று. அவனும் கேட்சர். வெல்டன் ப்ரூவிட், இருபத்து மூன்று வயது, மேற்குக் கென்டக்கியில் ஒரு சின்னக் கல்லூரி.

"பத்தா? மேடம், எழுபத்தஞ்சு."

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"அந்த இடத்துக்கு லட்சத்துத் தொண்ணூறு குறிச்சிருக்கு. நான் வரலைன்னா அது உங்க பையிலேருந்து போயிடும். அப்புறம் அந்த ஓக்லஹோமாத் தம்பிக்கு எங்கேருந்து குடுப்பீங்க?"

இதுவரை எந்தப் பையனும் இதை என்னிடம் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விதிதான். போக்கிடம் இல்லாதவனுக்கு அது தெரிந்து என்ன பயன் என்று நாங்கள் நினைத்திருந்தோம், அவ்வளவே.

"நீ எங்க போவே வெல்டன்?"

"கூரை வேய்வேன். இப்பவும் அதான் செய்யறேன், கூரை மேல நின்னுதான் பேசறேன்." சுத்தியல் சத்தம் கேட்கத்தான் செய்தது.

ஜூலை 17, புதன்

ஃபிலிப்: "வெத்து மிரட்டல். பத்துல நில்லுங்க."

பர்ல்: "எனக்கென்னவோ அவனைப் பிடிச்சிருக்கு. பந்தை அடிக்கிறதுதான் சுமார். பேச்சை நல்லா அடிக்கிறான்."

ஜூலை 20, சனி

வெல்டனின் ஊரான படூகாவுக்குக் காரில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மிரட்டலா நிஜமா என்பதைப் போனில் கணிக்க முடியாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நெடுஞ்சாலை ஓரத்து உணவகம். வறுத்த கெளுத்தி, முட்டைக்கோஸ், கண்ணாடி ஜாடியில் இனிப்புத் தேநீர். வெல்டன் மாமனாரின் டிரக்கில் வந்தான். தாரில் கருத்த கை. பக்கத்தில் மனைவி மார்சி, ஏழாம் மாதம் இருக்கும்.

அவள்தான் முதலில் பேசினாள். "இவர் ஆடவே வேண்டாம்னுதான் நான் சொல்றேன். எங்கப்பா நிரந்தரமா வேலை தர்றாங்க. மணிக்கு இருபத்தஞ்சு."

"அப்போ எழுபத்தஞ்சாயிரம் எதுக்கு?"

"ரெண்டு வருஷம் இவர் வீட்டுல இருக்கமாட்டார். உங்க கீழ்மட்ட லீக் சம்பளத்துல நானும் குழந்தையும் எங்க இருக்கிறது? எங்கம்மா சோஃபாலயா?"

வெல்டன் மீனைப் பிட்டுக்கொண்டே, "அவ கணக்குதான் அது, நான் போட்டதில்ல" என்றான். "எனக்குப் பத்துக்கே ஆசைதான் மேடம். ஓசிக்குன்னாலும் வந்துடுவேன். அதனாலதான் இவளையும் கூட்டிட்டு வந்தேன்."

சிரிப்பு வந்துவிட்டது. மார்சியும் சிரித்தாள், விருப்பமில்லாமல்.

என் கணிப்பு: அவன் மிரட்டல் வெத்து. அவளுடையது நிஜம்.

திரும்பும்போது பாதி வழியெல்லாம் மழை.

ஜூலை 24, புதன்

பார்த்ததை ஃபிலிப்பிடம் சொன்னேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, அறுபது வரைக்கும் போங்க. ஆனா கடைசி நாள்ல. இப்பவே குடுத்தா மத்த நாலு பேருக்கும் காதுல விழும்."

கெடு ஆகஸ்ட் ஒன்று, மாலை ஐந்து மணி.

ஜூலை 26, வெள்ளி

அறிக்கை வேலை. பத்து வருடத்தில் பத்தாயிரத்தை ஒட்டிய தொகைக்கு எடுத்தவர்களில் இரண்டே பேர் மேல்மட்ட லீக்கை எட்டியிருக்கிறார்கள். பெரிய போனஸ் வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவன். இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மலிவாக எடுத்தவன் தேறமாட்டான், அதனால்தான் மலிவு, என்றே எப்போதும் எழுதி வந்திருக்கிறோம்.

இன்று ஏதோ தோன்றி, இரண்டு வகையிலும் ஒரே மாதிரி ஆடியவர்களை மட்டும் பிரித்தெடுத்து எத்தனை நாள் வைத்திருந்தோம் என்று பார்த்தேன். மோசமாக அடித்த பத்தாயிரத்துக்காரனுக்கு ஒரு பருவம். அதே அளவு மோசமாக அடித்த மில்லியன்காரனுக்கு நாலு பருவம்.

நாலு பருவம் கொடுத்தால் யாரோ ஒருவன் தேறத்தானே செய்வான்?

அப்படியானால் இத்தனை வருடமும் நான் அளந்தது எதை?

ஜூலை 27, சனி

தக்காளிச் செடியில் புழு. கையால் எடுத்தேன்.

ஜூலை 29, திங்கள்

ரஸ்கின் முழங்கை ஸ்கேன் வந்தது. தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. மருத்துவர் நீளமாக எழுதியிருந்தார். பர்ல் படித்துவிட்டு வெளியே போய் வாகன நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். மூன்று வருடமாக அந்தப் பையனைத் தொடர்ந்து பார்த்து வந்தவன் அவன்.

ஃபிலிப் ஓக்லஹோமா கிளம்பிவிட்டார். இரண்டேகால் மில்லியன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லப்போகிறார்.

ஜூலை 31, புதன்

பையனின் அப்பா வீட்டுக்குள்ளேயே விடவில்லையாம். வாசலில் நிற்கவைத்தே பேசியிருக்கிறார். நாளை காலை இன்னொரு முறை போய்ப் பார்க்கிறாராம் ஃபிலிப்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பதினொன்றரைக்கு ஃபிலிப்பிடமிருந்து செய்தி: ரஸ்க் வரவில்லை. கல்லூரிக்குப் போகிறான். நான் விமானம் ஏறுகிறேன், நாலரைக்கு அங்கே.

ஆக, மூன்று மில்லியன் பையிலிருந்து போனது. கூட்டிக் கொடுக்க ரஸ்க்கும் இல்லை. நாலு பையன்களிடம் பிடித்த மிச்சம் மட்டும் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதுவும் ஒன்றுமில்லாமல் போகும், அதாவது முதலாளியின் கணக்கில் தங்கும். வெல்டன் ப்ரூவிட் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் இனி எங்களுக்கு ஒன்றுதான். அவன் கையில் இருந்த ஒரே பிடி போய்விட்டது. செய்தி இன்னும் வெளியே வரவில்லை. அவனுக்குத் தெரியாது.

ஃபிலிப் வானத்தில் இருக்கிறார். அறுபது வரை போகலாம், கடைசி நாளில், என்று சொன்னதை அவர் திருப்பி வாங்கவில்லை.

ஒரு மணிக்குக் கூப்பிட்டேன். "வெல்டன், அறுபது. இதுக்கு மேல இல்ல."

அவன் போனைக் கையால் பொத்தினான். மார்சியின் குரல் கேட்டது, என்ன சொன்னாள் என்று புரியவில்லை.

"சரியாம் மேடம்" என்றான். பிறகு, "ஓக்லஹோமாத் தம்பி போட்டுட்டானா?"

"அது உனக்கு எதுக்கு? பேப்பரை அனுப்பறேன், நாலு மணிக்குள்ள கையெழுத்து வந்துடணும்."

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது.

ஃபிலிப் வந்ததும் நின்றபடியே கேட்டார்: "நான் தரையிறங்கற வரைக்கும் காத்திருக்கக்கூடாதா?"

"காத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பத்துன்னு சொல்லியிருப்பேன்."

"அதான்."

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அந்த அம்பதாயிரம் யாரு பணம், நோரீன்?"

நியாயமான கேள்வி.

ஆகஸ்ட் 2

ஏன் செய்தேன்? இரக்கம் என்றால் மற்ற நால்வரிடமும் வந்திருக்க வேண்டும். டோபின் யோடர் மூன்று முறை நன்றி சொன்னானே, அப்போது எங்கே போயிருந்தது? ஒருவேளை பேரம் பேசினவனைப் பேரத்தில் ஏமாற்றப் பிடிக்கவில்லையோ என்னவோ. தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.

செப்டம்பர் 19

வெல்டனுக்குப் பெண் குழந்தையாம். பர்ல் சொன்னான். வெல்டன் இதுவரை அடித்தது இருபது வாய்ப்பில் மூன்று. "குழந்தை நல்லா அடிக்கும்" என்றான்.

அக்டோபர் 22, செவ்வாய்

அறிக்கை வைத்தேன். ஸ்டால்வர்த் அம்மையார், ஃபிலிப், பர்ல். போனஸ் பெரிதானால் பொறுமையும் பெரிதாகிறது, ஆட்டம் ஒன்றாக இருந்தாலும் கூட, என்ற பக்கத்துக்கு வந்ததும் ஃபிலிப் நிமிர்ந்தார்.

"அப்போ என்ன செய்யணும்ங்கறீங்க? மலிவானவனுக்கும் அதிகமாக் குடுத்து, அவனைக் கழற்றிவிட நம்மளே தயங்கணுமா? தயக்கம் நம்ம முட்டாள்தனம். அதை ஏன் காசு குடுத்து இன்னும் கொஞ்சம் வாங்கணும்?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

முதலாளியம்மா, "அழுகினதைத் தூக்கிப்போட மனசு வராம வச்சிருந்து வச்சிருந்து, பக்கத்துப் பெட்டியும் கெட்டுப்போகும். கிடங்குல தினமும் பார்க்கறதுதான்" என்றார். பிறகு ரஸ்க் விஷயத்தில் இந்த வருடம் செலவு குறைந்ததைப் பற்றிக் கொஞ்சம் சந்தோஷப்பட்டார். அறுபதாயிரத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

வெளியே வந்ததும் ஃபிலிப் தணிந்த குரலில் சொன்னார்: அடுத்த வருடம் பையன்களுடன் வேறு ஒருவர் பேசுவார்.

நவம்பர் 28

நன்றிகூறல் நாள். தங்கை வீட்டில் வான்கோழி காய்ந்துபோயிருந்தது. யாரும் சொல்லவில்லை.

மார்ச் 24, திங்கள். ஃப்ளோரிடா

பயிற்சி முகாமின் கடைசி வாரம். யாரைக் கழற்றிவிடுவது என்ற கூட்டம். சுவர்ப் பலகையில் ஒவ்வொருவனுக்கும் ஓர் அட்டை: பெயர், வயது, ஆட்ட எண்கள், கடைசிக் கட்டத்தில் போனஸ்.

கேட்சர்களில் ஓர் இடம் குறைக்க வேண்டும். டோபின் யோடரா, வெல்டன் ப்ரூவிட்டா. எண்கள் கிட்டத்தட்ட ஒன்று. டோபின் கொஞ்சம் மேல், கை எறிதலும் வேகம்.

கீழ்மட்ட அணிகளைக் கவனிக்கும் கிளைட் ஹேவர்ட் இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்தார். "யோடர் பத்து. ப்ரூவிட் அறுபது. அறுபது குடுத்திருக்கோம்னா யாரோ அவன்கிட்ட ஏதோ பார்த்திருக்காங்க. யாரது?"

பர்ல் என்னைப் பார்த்தான். ஃபிலிப்பும் பார்த்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"சரி, ப்ரூவிட் இருக்கட்டும். இன்னொரு வருஷம் பார்ப்போம்." டோபின் அட்டை மேசைமேல் கவிழ்ந்தது. அடுத்து ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஆடுகிறவர்கள்.

அந்த அறுபதாயிரத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை. ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கறாராகப் பேசினாள், ஃபிலிப் விமானத்தில் இருந்தார், அவ்வளவுதான் அந்தத் தொகையின் கதை. அதைச் சொல்லியிருந்தால் வெல்டன் போயிருப்பான். சொல்லாததால் டோபின் போனான். ஐயோ, எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது! நான் செய்த உபகாரத்துக்கு இன்னொருத்தன் தலையா குடுக்கணும்? அவன் என்னடா பண்ணினான் பாவம், நன்றி சொன்னதைத் தவிர?

மார்ச் 25

பர்ல்தான் டோபினைக் கூப்பிட்டுச் சொன்னான். உணவுக்கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"'எதுல குறைஞ்சேன்'னு கேட்டான்."

"நீ என்ன சொன்னே?"

"'ஒண்ணுலயும் இல்லடா'ன்னேன். சிரிச்சான். கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டான் போல."

நான் சாப்பிடவில்லை. என் ரொட்டியையும் அவனே தின்றான்.

ஏப்ரல் 8

ஃபிலிப்பிடம் போனேன். "அட்டையிலேருந்து போனஸ் கட்டத்தை எடுத்துடுங்க. செலவு ஒண்ணும் இல்ல. நீங்க சொன்னீங்களே, தயக்கம் நம்ம முட்டாள்தனம்னு. அதைத் தூண்டற எண்ணு அதுதான்."

யோசித்தார். "மில்லியன்காரனோடதையும் எடுக்கணுமே?"

"எல்லாரோடதையும்."

"கிளைட் கத்துவார்."

"கத்தட்டும்."

"அன்னிக்கு ப்ரூவிட் விஷயத்துல நீங்க பேசியிருக்கலாம்" என்றார். "நானும்தான்."

முதன்முறையாக அவர் தூக்கம் கெட்டவர்போல் தெரிந்தார். கட்டத்தை எடுத்துவிடச் சொல்லி இன்றே உத்தரவு போட்டார்.

மே 30

மழை. ஆட்டம் இல்லை. முழங்கால் மழையை எனக்கு முன்பே சொல்லிவிட்டது.

ஜூலை 28, திங்கள்

இந்த வருட டிராஃப்டில் எடுத்த மூன்று கேட்சர்கள் ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட்டார்கள். இடம் வேண்டும். காணொலியில் கூட்டம். அட்டைகளில் பெயர், வயது, எண்கள் மட்டும்.

இரண்டு மில்லியன் கொடுத்து எடுத்த, தூரத்தில் நின்று பந்து பிடிக்கிற ஓர் அவுட்ஃபீல்டரின் பெயர் பத்து நிமிடத்தில் போய்விட்டது. போன வருடமாயிருந்தால் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். ஏதோ சரியாகத்தான் நடக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு கேட்சர்கள். வெல்டன் கடைசியில் இருந்தான். நூற்றுக்கு மேல் வாய்ப்பு, பதினெட்டு அடி. எண்கள் தெளிவாக இருந்தன. அவனுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கிளைட் ஹேவர்ட் கேட்டார்.

"அட்டையில இல்ல" என்றேன்.

ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். என் முறை வந்தது. நானும் அசைத்தேன்.

"நோரீன், நீங்களே கூப்பிட்டுச் சொல்றீங்களா?" என்றார் ஃபிலிப். கேலி இல்லை அதில்.

நாலு மணிக்குக் கூப்பிட்டேன். பின்னால் குழந்தை அழும் சத்தம். மார்சியும் குழந்தையும் போன மாதம்தான் அங்கே வந்தார்களாம். சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"காலையில ஏழு மணிக்குப் பயிற்சின்னு சொல்லியிருந்தாங்க. அப்போ வரவேண்டாமா?"

"வேண்டாம் வெல்டன்."

"சரி மேடம்." பிறகு, "இந்த ரூம்ல வாரக் கடைசி வரைக்கும் இருக்கலாமா? பாப்பாவுக்குக் காய்ச்சல். இப்ப அவ்வளவு தூரம் வண்டியில கூட்டிட்டுப் போக முடியாது."

இருக்கலாம் என்றேன். போனை வைத்த பிறகு விதியைப் பார்த்தேன். கழற்றிவிடப்பட்டவனுக்கு இரண்டு இரவு. ஃப்ளோரிடா அலுவலகத்தைக் கூப்பிட்டு, ப்ரூவிட் குடும்பம் காய்ச்சல் விடும்வரை அங்கேயே இருக்கும் என்று சொன்னேன்.

யார் அனுமதி என்று கேட்டாள் அங்கே போனை எடுத்த பெண். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.